தெருவில் நாடகம் போடுவது எப்படி: தண்ணிக் குடத்திலிருந்து போலீஸ் ஸ்டேஷன் வரை

நாங்கள் முதன்முதலில் போட்ட வீதி நாடகம் கை கழுவுவதைப் பற்றியது. ஒரு தொண்டு நிறுவனம் கொடுத்த ஸ்கிரிப்ட், அவர்களே கொடுத்த மஞ்சள் டி-ஷர்ட், சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு ஹவுசிங் போர்டு குடியிருப்பு. கிருமி வேஷம் போட்ட நண்பன் இரண்டு பிளாக்குக்கு நடுவில் குதித்துக் குதித்து ஆட, பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு. கடைசியில் எல்லோரும் வரிசையாக நின்று சோப்புப் போட்டுக் கை கழுவுவோம் என்று சத்தமாகச் சொல்லி முடித்தோம். இடுப்பில் குழந்தையோடு நின்ற ஒரு அக்கா, கோபமெல்லாம் இல்லை, சாதாரணமாகத்தான் கேட்டார்: "கழுவுறோம்பா. தண்ணி லாரி வந்து மூணு நாளாச்சு. நீங்க வர்ற வழியில எங்கனா பாத்தீங்களா?"

எங்களிடம் பதில் இல்லை. டி-ஷர்ட்டைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினோம்.

விழிப்புணர்வு நாடகம் என்று சொல்கிறார்களே, அதில் பெரும்பாலும் தப்பு பார்க்கிறவர் மேல்தான் இருக்கும். நீ கை கழுவவில்லை, நீ குப்பையைக் கொட்டுகிறாய், நீ பிள்ளையைப் படிக்க வைக்கவில்லை. தண்ணீர் ஏன் வரவில்லை, பக்கத்தில் இருக்கிற அடுக்குமாடிக்கு மட்டும் எப்படி வருகிறது என்று கேட்க ஆரம்பித்தால் அது அரசியல் நாடகம். அதற்குக் கட்சிக்கொடி எதுவும் வேண்டாம், மைக் செட்டும் வேண்டாம், ஆறேழு பேரும் ஒரு பறையும் இரண்டு மாதம் சாயங்காலமும் இருந்தால் போதும். கீழே எழுதியிருப்பது இந்த இரண்டாவது வகையைச் சென்னையில் எப்படிச் செய்வது என்பதற்கு, பல தடவை சொதப்பி நாங்கள் கற்றுக்கொண்டது.

முதலில் போய் நில்லுங்கள்

ஸ்கிரிப்ட் எழுத உட்காராதீர்கள். எந்தத் தெருவில் போடப் போகிறீர்களோ அங்கே நாலைந்து தடவை போங்கள், நோட்டுப் புத்தகம் இல்லாமல். டீக்கடையில் நில்லுங்கள், ரேஷன் கடை வரிசை எப்படி நகர்கிறது என்று பாருங்கள். "உங்க பிரச்சினை என்ன?" என்று மட்டும் கேட்காதீர்கள், கேட்டால் டிவிக்குச் சொல்கிற பதில்தான் வரும். "காலையில எத்தனை மணிக்கு எழுந்திருப்பீங்க?" என்று கேளுங்கள். மூன்றரைக்கு என்பார்கள். ஏன் மூன்றரை என்று கேட்டால் பஸ், தண்ணீர், வேலைக்குப் போகிற இடம் இருக்கும் தூரம், அதற்கு முன்னால் குடிசை இருந்த இடம், எல்லாம் தானாக வரும். கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் மூன்றுமே நகரத்துக்குள்ளிருந்து பெயர்த்துக் கொண்டுபோய் வைத்த ஜனங்களின் ஊர்கள். அங்கே ஒரு குடும்பம் எத்தனை மணிக்குக் கண்விழிக்கிறது என்பதிலேயே பாதி நாடகம் இருக்கிறது.

விஷயம் எவ்வளவு சின்னதாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. தண்ணீர்த் தட்டுப்பாடு என்பது தலைப்பு. ஒரு வீட்டுக்கு எத்தனை குடம், யார் கணக்கு வைக்கிறார்கள், வேலைக்குப் போனவளின் குடத்தை வரிசையில் யார் நகர்த்துவார்கள் என்பதுதான் நாடகம்.

டெல்லியில் ஜன நாட்டிய மஞ்ச் 1978இல் போட்ட 'மெஷின்' நாடகத்தை இதற்கு உதாரணமாகச் சொல்வேன். காஜியாபாத்தில் ஒரு தொழிற்சாலை. தொழிலாளிகள் கேட்டது சைக்கிள் நிறுத்த ஓரிடம், டீ குடிக்க ஒரு கேன்டீன். அதற்காக நடந்த போராட்டத்தில் காவலாளிகள் சுட்டு ஆறு பேர் செத்தார்கள். சஃப்தர் ஹஷ்மியின் குழு அதை வைத்துப் பதின்மூன்று நிமிட நாடகம் செய்தது. நடிகர்கள் உடம்பாலேயே ஒரு இயந்திரமாக இணைந்து ஓடுவார்கள், திடீரென்று இயந்திரம் நின்றுவிடும், ஏன் நின்றது என்பதுதான் கதை. முதலாளித்துவம் பற்றி அரைமணி நேரம் பேசியிருந்தால் யாரும் நின்றிருக்க மாட்டார்கள், சைக்கிள் ஸ்டாண்டு என்றதும் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. அதே ஹஷ்மி 1989 ஜனவரி 1 அன்று சாகிபாபாத் பக்கம் ஜண்டாபூரில் நாடகம் நடந்துகொண்டிருக்கும்போதே தாக்கப்பட்டு மறுநாள் இறந்துபோனார். ராம் பகதூர் என்ற தொழிலாளியும் அந்தத் தாக்குதலில் கொல்லப்பட்டார். நாலாம் தேதி ஹஷ்மியின் மனைவி மலயஸ்ரீயும் குழுவும் அதே இடத்துக்குத் திரும்பிப் போய், பாதியில் நின்ற நாடகத்தை முழுதாகப் போட்டுவிட்டு வந்தார்கள். ஹஷ்மி பிறந்த நாளான ஏப்ரல் 12ஐத்தான் தேசிய வீதி நாடக தினம் என்கிறோம்.

வசனம் கடைசியில்

கேட்டு வந்த விஷயங்களில் ஒன்றை எடுத்துக்கொண்டு ஒத்திகையில் சும்மா செய்து பாருங்கள். ஒருவர் லாரி டிரைவர், ஒருவர் குடத்தோடு நிற்கிறவர், ஒருவர் இன்ஜினியர். பத்து தடவை செய்தால் மூன்று தடவை நல்ல வசனம் விழும். அதை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். மேடையும் செட்டும் லைட்டும் டிக்கெட்டும் இல்லாமல் நடிகரின் உடம்பை மட்டும் நம்பி நாடகம் செய்ய முடியும் என்பதை நம் ஆட்கள் பலர் வங்காள நாடகக்காரர் பாதல் சர்க்காரிடம் கற்றுக்கொண்டார்கள். 1980இல் அவர் சோழமண்டலம் கலைஞர் கிராமத்துக்கு வந்து பயிற்சிப் பட்டறை நடத்தினார். கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழு அதற்கு மூன்று வருஷம் முன்னாலேயே தொடங்கியாகிவிட்டது, பத்திரிகையாளர் ஞாநியின் பரீக்ஷா குழுவும் இருந்தது. பிரளயனின் சென்னைக் கலைக்குழு வந்தது 1984இல். இவர்கள் யாருடைய நாடகம் எங்கே நடந்தாலும் போய்ப் பார்த்துவிடுங்கள், எந்தப் புத்தகத்தைவிடவும் அது உதவும்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதுக் குழுக்கள் எல்லோரும் இதில்தான் வழுக்குகிறோம். வில்லனை முட்டாளாக்காதீர்கள். தொந்தி கட்டி, கறுப்புக் கண்ணாடி மாட்டி, வெற்றிலை குதப்பிக்கொண்டு ஒரு அதிகாரி வந்தால் ஜனங்கள் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். நிஜத்தில் அவர்கள் பார்க்கிற அதிகாரி அப்படியா இருக்கிறார்? நல்லாத்தான் பேசுவார். "என் கையில என்னம்மா இருக்கு, மேல எழுதிப் போட்டிருக்கேன், வந்ததும் சொல்றேன்" என்பார், உட்காரக்கூடச் சொல்வார். அந்த மரியாதையான வார்த்தைக்கு முன்னால்தான் குடம் பிடித்த அம்மாவுக்குப் பேச்சு வராது. அந்த இடத்தை நாடகத்தில் கொண்டுவந்துவிட்டால் கூட்டத்தில் யாராவது ஒருத்தர் "ஆங், இதே மாதிரிதான்" என்று வாய்விட்டுச் சொல்வார். எங்கள் குழுவில் இன்ஜினியராக வருபவர் நிஜத்தில் பரம சாது, அவரை அந்த வேஷத்தில் போட்டதே அதற்காகத்தான்.

கட்டியங்காரன் ஒருவர் வேண்டும். தெருக்கூத்து பார்த்தவர்களுக்குத் தெரியும், துரியோதனன் வந்து நிற்கும்போதே பக்கத்தில் நின்று உள்ளூர் விஷயத்தை இழுத்து நக்கலடிக்கிற ஆள். புராணத்துக்கும் இன்றைய ரேஷன் கடைக்கும் நடுவில் வாசல் மாதிரி இருப்பவர். நாடகத்தின் நடுவில் பைக் வந்தால், நாய் வந்தால், குடிகாரர் வந்தால் சமாளிப்பதும் அவர்தான், அதனால் குழுவிலேயே வாய் சாமர்த்தியமான ஆளுக்கு அந்த வேஷத்தைக் கொடுங்கள்.

தெரிந்த கதையின் சட்டைக்குள் புது விஷயத்தை நுழைப்பது நம் ஊரில் பழைய வித்தை. சுதந்திரப் போராட்ட காலத்து நாடக நடிகர் விஸ்வநாததாஸ் வள்ளி திருமணம் நாடகத்தில் தினைப்புனத்தில் பறவை விரட்டுகிற இடத்தில் 'கொக்கு பறக்குதடி பாப்பா' என்று பாடுவார், அந்த வெள்ளைக் கொக்கு வெள்ளைக்காரன்தான் என்று கொட்டகையில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும், வாசலில் காத்திருக்கிற போலீஸுக்கும் தெரியும். பல தடவை உள்ளே போனவர். 1940 டிசம்பர் 31 அன்று இதே சென்னையில் முருகன் வேஷத்தோடு மேடையிலேயே உயிர் போனது. அண்ணா நாடகம் எழுதியதும், எம்.ஆர். ராதா ஊர் ஊராகத் தடைகளோடு மல்லுக்கட்டியதும் அப்புறம் வந்த கதை. நாடகம் வேறு அரசியல் வேறு என்று யாராவது உங்களிடம் சொன்னால், இந்த ஊரில் நின்றுகொண்டு சொல்லாதீர்கள் என்று சொல்லுங்கள்.

குரல், உடம்பு, பறை

மைக் வேண்டாம் என்றேன். மைக் வந்தால் நடிகர் அதன் பக்கத்திலேயே நிற்பார், வட்டம் செத்துவிடும். ஜனங்கள் நாலு பக்கமும் நிற்பார்கள் என்பதால் பேசும்போது மெல்லச் சுற்றிக்கொண்டே பேச வேண்டும். முக்கியமான வரியை ஒருவர் சொன்னதும் கோரஸ் திருப்பிச் சொல்லட்டும், அப்போதுதான் பஸ் ஹாரனில் தொலைந்தாலும் இரண்டாவது தடவை காதில் விழும். வாக்கியத்தின் கடைசி எழுத்தை விழுங்காதீர்கள், சென்னைத் தமிழில் நமக்கு அது பெரிய வியாதி.

இருபது நிமிடத்துக்கு மேல் போகாதீர்கள். உடை எல்லோருக்கும் ஒரே நிறம், தோளில் ஒரு துண்டு. துண்டு தலையில் ஏறினால் கிழவி, இடுப்பில் கட்டினால் கூலிக்காரர், கழுத்தில் மடித்துப் போட்டால் பெரிய மனுஷன். இதற்குமேல் எதுவும் தேவைப்பட்டதில்லை.

பறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், இதில் ஏமாந்தவர்கள் நிறைய. தோல் பறை என்றால் அடிப்பதற்கு முன் தீயில் காய்ச்ச வேண்டும். இல்லாவிட்டால் அட்டைப்பெட்டியைத் தட்டுகிற மாதிரி தொளதொளவென்று கேட்கும். நம் ஊர் கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம், பெசன்ட் நகரிலோ ஊரூர் ஆல்காட் குப்பத்திலோ காய்ச்சிய பறைகூடக் கால் மணி நேரத்தில் தளர்ந்துவிடும். அதனால் பழைய செய்தித்தாள் ஒரு கட்டு, தீப்பெட்டி இரண்டு (ஒன்று நமத்துப்போகும்), தீயை அணைக்க ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்துப் போங்கள். தாளைக் கொளுத்தி, தோலைத் தீக்கு மேல் வட்டமாகச் சுற்றிச் சுற்றிக் காட்ட வேண்டும், ஒரே இடத்தில் பிடித்தால் கருகிவிடும். நடுநடுவே விரலால் சுண்டிப் பாருங்கள், "டொம்" என்பது "டண்" என்று மாறும்போது போதும். இந்தக் காய்ச்சலைத் தெருவின் நடுவிலேயே செய்யுங்கள், மறைவாக அல்ல. தீயைப் பார்த்ததும் பிள்ளைகள் ஓடி வருவார்கள், பிள்ளைகளைத் தேடி அம்மாக்கள் வருவார்கள். இதைவிட நல்ல விளம்பரம் கிடையாது. இன்னொன்று, சாவுக்கு அடிப்பது என்று சொல்லி இந்தக் கருவியையும் அதை அடித்தவர்களையும் ஒதுக்கி வைத்த ஊர் இது. உங்கள் குழுவில் பறை எடுக்கிறவர் அந்தக் கதை தெரிந்து எடுக்க வேண்டும். யூடியூப் பார்த்து இரண்டு அடி கற்றுக்கொண்டு வருவதைவிட, அடிக்கத் தெரிந்த ஒருவரிடம் போய் மரியாதையாக உட்கார்ந்து கற்றுக்கொள்வது நல்லது.

போலீஸ்

எல்லோரும் முதலில் கேட்கிற கேள்வி இதுதான். நாடகத்தின் ஸ்கிரிப்டைக் கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டுமா? வேண்டாம். வெள்ளைக்காரன் 1876இல் நாடகங்களை அடக்க ஒரு சட்டம் போட்டான். எம்.ஆர். ராதா இராமாயணத்தைத் தன் பாணியில் மேடையேற்றிய அதே 1954இல் நம் மாநிலத்துக்கென்று தனியாக ஒரு நாடகச் சட்டம் வந்தது. நாடகம் போட வேண்டுமானால் ஸ்கிரிப்டைக் காட்டு என்று போலீஸ் கேட்க அதுதான் பிடிமானமாக இருந்தது. ஞாநி வழக்குப் போட்டு, 2013இல் சென்னை உயர்நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் முக்கியமான பிரிவுகளைச் செல்லாது என்று அடித்துப்போட்டது. இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். சபாவிலோ கல்லூரியிலோ சங்க அலுவலகத்திலோ போடும்போது ஸ்கிரிப்ட் கேட்டால் சண்டை போடாமல் இதை எடுத்துச் சொல்லலாம்.

தெருவில் போடுவது வேறு கதை. பொது இடத்தில் கூட்டம் கூட்டுவதற்குச் சென்னை நகரக் காவல் சட்டத்தின் 41ஆவது பிரிவைக் காட்டுவார்கள். அது 1888ஆம் வருஷத்துச் சட்டம், இன்னும் உயிரோடு இருக்கிறது. ஐந்து நாளுக்கு முன்னாலேயே மனு கொடுக்க வேண்டும் என்பார்கள், நாங்கள் ஒரு வாரம் பத்து நாள் முன்னால் கொடுத்துவிடுவோம். மனு இரண்டு பிரதி, ஒன்றில் சீல் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அது இல்லாமல் ஸ்டேஷனை விட்டு வராதீர்கள். இன்ஸ்பெக்டரைத் தேடி நிற்பதைவிட ரைட்டரிடம் பேசுவது வேகம். இடம், நேரம், எத்தனை பேர், மைக் கிடையாது, சாலை மறிக்க மாட்டோம் என்று நாலு வரி போதும். சுருக்கம் கேட்டால் அரைப் பக்கம் கொடுங்கள். "அரசியல் நாடகம்" என்று எழுதாதீர்கள், பொய்யும் எழுதாதீர்கள், குடிநீர் பற்றிய நாடகம் என்று எழுதினால் அது உண்மைதானே.

ஒரு தடவை ஒரு ஸ்டேஷனில் மூன்று நாள் அலைய விட்டார்கள், கடைசி நாள் இல்லை என்று வாயால் சொன்னார்கள், எழுதித் தர மாட்டேன் என்றார்கள். அன்றைக்கு ஒரு சர்ச் வளாகத்துக்குள் போட்டோம். வெளியே வந்திருக்க வேண்டிய கூட்டத்தில் பாதிதான் வந்தது, ஆனால் நாடகம் நடந்தது. அதனால் மாற்று இடம் ஒன்று எப்போதும் கையில் இருக்கட்டும்: சங்க அலுவலகம், பள்ளி மைதானம், யாராவது வீட்டு மொட்டை மாடி. மெரினாவை மறந்துவிடுங்கள், 2017 ஜல்லிக்கட்டுக்கு அப்புறம் அங்கே நாலு பேர் வட்டமாக நின்றாலே பார்வை மாறுகிறது.

அன்றைக்கு

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறரை. சீரியல் ஆரம்பிக்குமுன் முடித்துவிடுங்கள். சி.எஸ்.கே. மேட்ச் இருக்கிற நாளில் போடாதீர்கள், அனுபவத்தில் சொல்கிறேன். விளக்குக் கம்பத்தின் வெளிச்சம் நடிகர் முகத்தில் விழுகிற மாதிரி இடம் பாருங்கள், பைக் போக ஒரு பக்கம் வழி விடுங்கள். பிள்ளைகளை முன்னால் உட்கார வைத்துவிட்டால் அவர்களே வட்டத்தின் எல்லை, யாரும் தாண்டி வர மாட்டார்கள்.

அந்தக் கை கழுவும் நாடகத்துக்கு எட்டு மாதம் கழித்து, அதே குடியிருப்புக்குத் தண்ணி நாடகத்தோடு திரும்பிப் போனோம். டி-ஷர்ட் இல்லை, யாருடைய லோகோவும் இல்லை. எங்களில் ஒரு பெண் பச்சை பிளாஸ்டிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்கிற காட்சி. காலிக் குடம்தான், நிறைந்த மாதிரி நடிக்க வேண்டும். முன் வரிசையிலிருந்து ஒரு பாட்டி எழுந்து வந்தார். "இன்னாடி இது, பூக்கூடை தூக்குற மாதிரி தூக்கினுகிற?" என்று குடத்தைப் பிடுங்கி, இடுப்பை ஒருபக்கம் ஒடித்து, கையைக் குடத்தின் கழுத்தில் சுற்றி, எதிர்ப்பக்கம் உடம்பைச் சாய்த்து நாலு அடி நடந்து காட்டினார். குடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது, ஆனால் அது தளும்பியது. பிறகு நாலாவது மாடி வரை இப்படித்தான் ஏற வேண்டும் என்று இல்லாத படிக்கட்டில் ஏற ஆரம்பித்தார், ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கினார், கூட்டம் மாடியை எண்ண ஆரம்பித்தது. நாங்கள் ஒரு மாதம் ஒத்திகை பார்த்த காட்சியை யாரும் கேட்கவில்லை. கட்டியங்காரன் புத்திசாலி, ஒதுங்கி நின்றுவிட்டான். இப்போது அந்தப் படியேற்றம் நாடகத்தில் நிரந்தரமாக இருக்கிறது, ஆனால் அந்தப் பாட்டி மாதிரி செய்ய எங்களில் ஒருவருக்கும் வரவில்லை.

முடிந்த பிறகுதான் வேலை

கைதட்டு வாங்கிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். பிரேசிலைச் சேர்ந்த அகஸ்டோ போவால் ஒரு முறையை உருவாக்கினார். நாடகத்தைத் தோல்வியில் முடித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து போடுவார்கள். பார்க்கிறவர்களில் யார் வேண்டுமானாலும் "நிறுத்து" என்று சொல்லி, அவதிப்படுகிற ஆளின் இடத்தில் வந்து நின்று வேறு மாதிரி செய்து பார்க்கலாம். பின்னாளில் அவர் ரியோ டி ஜெனிரோ நகர மன்ற உறுப்பினராகி, இப்படிப் போட்ட நாடகங்களில் வந்த யோசனைகளிலிருந்தே பதின்மூன்று சட்டங்கள் கொண்டுவந்தார். நாங்கள் அவ்வளவு தூரமெல்லாம் போகவில்லை, ஆனால் அந்த இன்ஜினியர் காட்சியை மட்டும் இப்படித் திறந்து விடுகிறோம்.

முதலில் வருகிற ஆள் பெரும்பாலும் இளைஞராக இருப்பார், நேராக வந்து இன்ஜினியரின் சட்டையைப் பிடிப்பார். கூட்டம் விசில் அடிக்கும். அப்போது கட்டியங்காரன் கேட்க வேண்டும்: "அடிச்சாச்சு. தண்ணி வந்துச்சா?" அந்தக் கேள்விக்கு அப்புறம்தான் நிஜமான ஆட்கள் எழுந்து வருவார்கள். ஒரு அம்மா வந்து, "நான் தனியா வர மாட்டேன்" என்று சொல்லி, பார்வையாளர்களிலிருந்து இன்னும் ஆறு பெண்களைக் கைப்பிடித்து இழுத்து வந்து இன்ஜினியர் முன்னால் உட்கார வைத்தார். ஒருத்தர் மனுவைப் படிக்க, ஒருத்தர் தேதி கேட்க, ஒருத்தர் சும்மா முறைத்துப் பார்க்க. எங்கள் சாது இன்ஜினியருக்கு நிஜமாகவே வியர்த்தது. குடித்துவிட்டு ஒருவர் வருவார், கட்டாயம் வருவார். விரட்டாதீர்கள், ஒரு வேஷம் கொடுத்து ஓரமாக உட்கார வையுங்கள், லாரி டிரைவர் வேஷம் சரியாக இருக்கும், அவர் கடைசி வரை வண்டி ஓட்டிக்கொண்டிருப்பார்.

அப்புறம் துண்டு ஏந்துங்கள். இப்போதெல்லாம் துண்டின் நடுவில் கியூ.ஆர். கோடை ஒட்டி வைக்கிறோம், ஆனால் ஹவுசிங் போர்டில் வருவது பத்து ரூபாய் நோட்டும் சில்லறையும்தான். டீக்கும் பஸ்ஸுக்கும் போதும், அதற்குமேல் எதிர்பார்க்காதீர்கள். காசு கொடுத்து நாடகம் போடச் சொல்கிறவர்கள் வந்தால், கடைசி வசனம் யாருடையது என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

ஒரு மாதம் கழித்து மறுபடி அங்கே போங்கள், நாடகம் போட அல்ல, சும்மா. நாங்கள் போனபோது அந்த ஆறு பெண்களில் இருவர் கீழே காய்கறி வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்கள். எங்களை அடையாளம் கண்டு, ஆளை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு ஒருவர் கேட்டார்: "அந்த இன்ஜினியரு வரலியா? அடுத்த வாரம் ஆபீஸுக்குப் போறோம், அதுக்கு முன்னாடி அவர்கிட்ட இன்னொரு தபா பேசிப் பாக்கணும்."